சர்வாதிகாரமும் உலக சமாதானமும்

உலகத்தில் சமாதானம் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன அரசனையோ, மந்திரியையோ, தளபதியையோ காண்பது அரிது. வாள் தீட்டுகிறவன் கூட சமாதானத்தைக் காப்பாற்றவே தீட்டுவதாகச் சொல்லுவான். ஹிட்லரும் அப்படியேதான் சொன்னார். 1933-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி ஜெர்மன் பார்லிமெண்டில் அவர் செய்த பிரசங்கம் யுத்தத்தைக் கண்டித்தும் சமாதானத்தைப் போற்றியும் செய்யப்பட்டதேயாகும். அதைப் படித்துவிட்டு வெளிநாடுகளில் அநேகர், மனிதர் நாம் பயந்த அளவு மோசமில்லை என்று ஆறுதல் அடைந்தார்கள். ஆறு வருஷங்களும் சில மாதங்களும் சென்றன. அதே மனிதர் போலந்தின் மீது படையெடுத்தார். அன்று மூண்ட யுத்தம் 1945-ல் முடிவதற்குள் உலகத்தில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் மாண்டு போனார்கள்.

ஆகவே, ஒரு ஆட்சியின் தலைவர் சமாதானத்தைப் பற்றி என்ன பேசுகிறார் என்பதைக் கொண்டு அந்த ஆட்சியை எடை போடுவது, கடன் வாங்குவதன் நன்மையைப் பற்றி வட்டிக்கடைக்காரரிடமே போய் யோசனை கேட்பது போன்றதாகும். நாம் பார்க்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. அந்த நாட்டுக் குடிகளில் ஒருவன் நடுத்தெருவில் நின்று, "இந்தச் சண்டை எதற்காக? இதில் லாபம் யாருக்கு? சாகப்போவது யாருடைய பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, அன்று இரவு தன் வீட்டில் படுத்துத் தூங்க முடியுமா என்பதே அது. முடியும் என்றால் அந்த நாடு தப்பு செய்தாலும் அதைத் திருத்த உள்ளேயே ஆள் உண்டு. முடியாது என்றால் அந்த நாட்டின் தலைவர் வாயில் எவ்வளவு தேன் ஒழுகினாலும், அவரால் அண்டை நாட்டுக்கும், அப்புறம் உலகத்துக்கும் ஆபத்து வந்தே தீரும். இதுதான் நாம் இங்கு சொல்ல வந்த விஷயம்.

கிராமங்களில் கூட்டம் முடிந்த பிறகு சில தோழர்கள் நம்மிடம், "எங்கேயோ ஒரு தேசத்தில் ஒருவன் சர்வாதிகாரியாகிவிட்டால் நமக்கென்ன? அது அவர்கள் வீட்டு விஷயமல்லவா?" என்று கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த வீட்டில் அடைமழைக்கு ஒழுகினால் அது அடுத்த வீட்டு விஷயம். அடுத்த வீட்டுக் கூரையில் நெருப்புப் பிடித்தால் அது தெருவின் விஷயம். சர்வாதிகாரம் ஒழுகலா, நெருப்பா என்பதை நடந்த சரித்திரத்தைக் கொண்டு பார்ப்போம்.

நம்பு, கீழ்ப்படி, சண்டையிடு

முதலில் இத்தாலியை எடுத்துக் கொள்ளுவோம். முசோலினி 1922-ம் வருஷம் அக்டோபர் மாதம் ரோமாபுரி மீது படையெடுத்து ஆட்சியைப் பிடித்ததாகப் பெருமை பேசிக் கொண்டார். உண்மையில் நடந்தது என்னவென்றால், அரசர் அழைப்பு அனுப்பினார். அவர் மிலான் நகரத்திலிருந்து இரவு ரயிலில் படுத்துக்கொண்டு வந்து பிரதம மந்திரி பதவியை வாங்கிக் கொண்டார். அப்பொழுது பார்லிமெண்டில் 535 ஸ்தானங்களில் அவர் கட்சிக்கு இருந்தவை 35 தான். பெரிய மனிதர்களும், பணக்காரர்களும், "இவனைக் கொண்டு தொழிலாளர் கிளர்ச்சியை அடக்கிக் கொள்ளுவோம், பிறகு இவனை நாம் அடக்கிக் கொள்ளுவோம்" என்று எண்ணினார்கள். புலியைக் கூப்பிட்டு ஆட்டுக்குக் காவல் வைத்த கதையாக முடிந்தது.

1924-ம் வருஷம் தேர்தலில் நடந்த அடிதடியையும் மோசடியையும் மாத்தியோத்தி என்னும் சமதர்மக் கட்சித் தலைவர் பார்லிமெண்டில் எழுந்து நின்று கண்டித்தார். பதினொரு நாள் கழித்து, ஜூன் 10-ந் தேதி, அவரை ஆட்கள் காரில் தூக்கிக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். 1926 முடிவதற்குள் மற்றக் கட்சிகள் யாவும் ஒழிக்கப்பட்டன. 1931-ல் சர்வகலாசாலை ஆசிரியர்கள் யாவரும் பாசிஸ்டு ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் பேர் போல்தான். படித்தவர்கள் இருக்கும் வரை எதேச்சாதிகாரம் வராது என்று நினைக்கிற தோழர்கள் இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் இத்தாலிய ஊர்களின் சுவர்களில் இரண்டு வாசகங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். ஒன்று, "முசோலினி எப்பொழுதும் சரியே" என்பது. மற்றொன்று, "நம்பு, கீழ்ப்படி, சண்டையிடு" என்பது. இந்த இரண்டாவது வாசகத்தை நாம் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். சர்வாதிகாரத்தின் வேதம் முழுவதும் அந்த மூன்று வார்த்தைகளில் அடங்கியிருக்கிறது. முதலில் நம்ப வேண்டும். அதாவது, யோசிக்கக் கூடாது. நம்பினவன் கீழ்ப்படிவான், அதாவது, ஏன் என்று கேட்க மாட்டான். கீழ்ப்படிகிறவனைக் கொண்டுபோய் யாருடன் வேண்டுமானாலும் சண்டை போட விடலாம். முதல் வார்த்தையை ஒப்புக் கொண்ட ஜனங்களால் மூன்றாவது வார்த்தையைத் தடுக்க முடியாது.

அப்படியேதான் நடந்தது. 1935-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி இத்தாலியப் படைகள் அபிசீனியாவுக்குள் புகுந்தன. அந்த ஏழை நாட்டு மக்கள் மீது விமானங்களிலிருந்து விஷவாயுவைப் பொழிந்தார்கள். சர்வதேச சங்கம் கூடிக் கண்டித்தது. சில சாமான்களை இத்தாலிக்கு விற்கக் கூடாதென்றது. ஆனால் யுத்தத்துக்கு உயிர்நாடியான எண்ணெயை நிறுத்தவில்லை. சூயஸ் கால்வாயை மூடவும் இல்லை. 1936 ஜூன் 30-ந் தேதி அபிசீனியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி ஜினீவாவுக்கு வந்து முறையிட எழுந்தபோது, இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் விசில் அடித்துக் கூச்சல் போட்டார்கள். அவரும் ஒரு எதேச்சாதிகாரச் சக்கரவர்த்திதான்; அது வேறு விஷயம். ஆனால் அவருடைய குடிகள் மீது விழுந்த விஷவாயுவைக் கேட்பாரில்லை என்று தெரிந்தவுடன், அதைப் பார்த்துக் கொண்டிருந்த மற்றொருவருக்குத் தைரியம் வந்தது.

ஜெர்மனியில் நடந்த விதம்

அந்த மற்றொருவர் ஹிட்லர். அவர் பலாத்காரத்தால் வந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சட்டத்தின் படிகளில் ஏறி வந்தார் என்பதே கவனிக்கத்தக்கது. 1928-ம் வருஷத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஓட்டு 100-க்கு 3 கூட இல்லை. பிறகு வந்த வியாபார மந்தத்தில் சுமார் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் தெருவில் நின்றார்கள். பசித்தவன் காதில் எந்த வாக்குறுதியும் ஏறும். 1932 ஜூலையில் அந்த ஓட்டு 100-க்கு 37 ஆயிற்று. அதே வருஷம் நவம்பரில் 33 ஆகக் குறைந்தும் போயிற்று. குறைய ஆரம்பித்த அந்தச் சமயத்தில்தான் கிழட்டு ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்த பிரபுக்கள் சிலர், 1933 ஜனவரி 30-ந் தேதி, அவரைக் கொண்டு ஹிட்லருக்குப் பிரதம மந்திரி பதவியைக் கொடுக்கச் செய்தார்கள். இங்கும் இத்தாலியப் பணக்காரர்கள் போட்ட கணக்கேதான்.

அதற்குப் பின் நடந்தவைகளைத் தேதி வாரியாகச் சொன்னாலே போதும். பிப்ரவரி 27-ல் பார்லிமெண்டுக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்ட உரிமை யாவும் ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டன. மார்ச்சு 5-ந் தேதி நடந்த தேர்தலில், அவ்வளவு மிரட்டலுக்கும் பிறகு, ஹிட்லர் கட்சிக்குக் கிடைத்தது 100-க்கு 44 ஓட்டுக்குள்தான். மார்ச்சு 23-ல், பார்லிமெண்டைக் கேட்காமலே சட்டம் செய்யும் அதிகாரத்தை மந்திரிசபைக்குக் கொடுக்கும் மசோதா வந்தது. கம்யூனிஸ்டு அங்கத்தினர்கள் ஜெயிலிலும் மறைவிலும் இருந்தார்கள். வாசலில் ஹிட்லரின் தொண்டர் படை நின்றது. 444 பேர் ஆதரவாகவும், 94 பேர் எதிராகவும் ஓட்டுக் கொடுத்தார்கள். எதிர்த்த 94 பேரும் சமதர்ம ஜனநாயகக் கட்சியார். கத்தோலிக்கர்களின் சென்டர் கட்சி, தன் மதத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்ற வாக்குறுதியை நம்பி, ஆதரவாகக் கை தூக்கிற்று. அந்தக் கட்சியும் ஜூலை 5-ந் தேதி தன்னைத் தானே கலைத்துக் கொள்ள வேண்டியதாயிற்று.

தொழிலாளர் கதி என்னவென்றால், மே மாதம் 1-ந் தேதியைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாளாக்கி ஊர்வலம் நடத்தினார்கள். தொழிலாளிகள் சந்தோஷமாக ஊர்வலத்தில் போனார்கள். மறுநாள் 2-ந் தேதி தொழிற்சங்கக் கட்டடங்களில் போலீசும் தொண்டர் படையும் புகுந்து, சங்கத்தையும் பணத்தையும் பிடுங்கிக் கொண்டு, தலைவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். மே 10-ல் புஸ்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஜூலை 14-ல் நாட்டில் ஒரே கட்சிதான் இருக்கலாம் என்று சட்டம் வந்தது. ஆக, ஒரு பெரிய தேசத்தின் வாயைக் கட்ட ஆறு மாதம் கூட ஆகவில்லை.

இவ்வளவும் நடந்தபோது மற்றத் தேசங்கள், "அது ஜெர்மனியின் உள்நாட்டு விஷயம்" என்றன. உள்நாட்டில் கேட்பவன் ஒழிந்த பிறகு வெளிநாட்டுக்கு வருவது எளிதாயிற்று. 1933 அக்டோபரில் சர்வதேச சங்கத்தை விட்டு விலகினார்கள். 1935 மார்ச்சில் கட்டாய ராணுவ சேவை வந்தது. 1936 மார்ச்சில் ரைன் பிரதேசத்துக்குள் படை நுழைந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா போயிற்று. அதே வருஷம் செப்டம்பரில் மியூனிச் நகரத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து செக்கோஸ்லோவேகியாவின் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்தன. 1939 மார்ச்சில் பிராக் நகரமே போயிற்று. செப்டம்பர் 1-ந் தேதி போலந்து.

இதில் ஒரு விஷயம் முக்கியமானது. யுத்தம் ஜெர்மனிக்கே நாசமாக முடியும் என்று ஜெர்மன் சேனையின் தலைமைக் காரியஸ்தரான தளபதி பெக் என்பவரே மனுமேல் மனு எழுதினார். கேட்பாரில்லை. 1938 ஆகஸ்டில் அவர் ராஜினாமா செய்தார். அந்த ராஜினாமாச் செய்தியைக்கூட அப்பொழுது ஜனங்களுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்தார்கள். சேனைத் தளபதிக்கே கேள்வி கேட்க இடமில்லாத நாட்டில் செம்மானும் தச்சனும் உழவனும் என்ன கேட்டுவிட முடியும்?

நாம் கொடுத்த விலை

"சரி, அதெல்லாம் ஐரோப்பாக்காரர் சண்டை" என்று சொல்லக்கூடும். அந்த நெருப்பு நம் வீட்டுக்கும் வந்தது என்பதை மறக்கக் கூடாது. 1939 செப்டம்பர் 3-ந் தேதி வைசிராய் லின்லித்கோ பிரபு, இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்துவிட்டதாக ஒரு அறிக்கை வெளியிட்டார். கோடிக்கணக்கான மக்கள் உள்ள ஒரு தேசத்தில் ஒருவரையும் கேட்கவில்லை. தன் வீட்டில் ஜனநாயகம் வைத்துக் கொண்டிருந்த இங்கிலாந்து, நம் வீட்டில் வைத்திருந்தது எதேச்சாதிகாரம்தான். 25 லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் 87,000 பேர் மாண்டார்கள். 1943-ல் வங்காளத்தில் வந்த பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்ததாக மதிப்பிடுகிறார்கள்.

ஜப்பானிலும் இதே நோய்தான். 1932 மே 15-ந் தேதி பிரதம மந்திரி இனுகாயைக் கடற்படை உத்தியோகஸ்தர்கள் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். சக்கரவர்த்தியைக் கடவுள் வம்சம் என்று நம்பப் பழக்கப்பட்ட ஜனங்கள், கொலைகாரர்களுக்கு இலேசான தண்டனை கொடுக்கும்படி மனுப் போட்டார்கள். அதற்குப் பிறகு மந்திரிகளை ராணுவத்தார் ஆட்டி வைத்தார்கள். அந்த ராணுவம் 1942-ல் பர்மாவுக்குள் நுழைந்தபோது, ரங்கூனிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் தமிழர்களும் ஏராளம், காட்டு வழியே கால்நடையாக ஓடி வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல ஆயிரம். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழ்த் தொழிலாளிகள் சயாம்-பர்மா ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கில் செத்து மடிந்தார்கள். டோக்கியோவில் ஒரு கிழவரைச் சுட்ட குண்டுக்கும், தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து பிழைக்கப் போனவன் சயாம் காட்டில் செத்ததற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள்.

அர்ஜென்டைனாவின் பாடம்

அதெல்லாம் பழங்கதை என்போருக்காக இன்னொன்று சொல்லுகிறோம். தென் அமெரிக்காவில் அர்ஜென்டைனா என்னும் தேசத்தில் 1976 மார்ச்சு 24-ந் தேதி ராணுவத் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். கிறிஸ்தவ நாகரிகத்தைக் காப்பாற்றப் போவதாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான வாலிபர்களும் பெண்களும் இரவோடு இரவாகக் காணாமற் போனார்கள். 1977 முதல் தாய்மார்கள் தலைநகரத்தின் மே சதுக்கத்தில் கூடி, "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்று வாரந்தோறும் கேட்டு வந்தார்கள்.

1978-ல் இந்தத் தளபதிகள், தென்கோடியில் உள்ள சில சிறு தீவுகளுக்காக, அடுத்த நாடான சிலி மீது படையெடுக்கத் தயாரானார்கள். போப்பாண்டவர் மத்தியஸ்தத்துக்கு வந்ததால் கடைசி நேரத்தில் நின்றது. ஆனால் 1980-ல் அந்தப் போப்பாண்டவர் சொன்ன சமரச யோசனையை, கிறிஸ்தவ நாகரிகத்தைக் காப்பாற்ற வந்த அதே தளபதிகள் ஏற்றுக் கொள்ளவில்லை. 1982-ல் விலைவாசி உயர்ந்து ஜனங்கள் கொதித்தார்கள். மார்ச்சு 30-ந் தேதி தொழிலாளர்கள் ரொட்டியும் வேலையும் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள்; போலீசார் அடித்து விரட்டினார்கள். மூன்றே நாள் கழித்து, ஏப்ரல் 2-ந் தேதி, தளபதிகள் இங்கிலாந்தின் வசமிருந்த பாக்லாண்டுத் தீவுகளில் படையை இறக்கினார்கள். மே சதுக்கம் மீண்டும் நிரம்பிற்று. இம்முறை வாழ்த்துக் கோஷத்துடன்! ரொட்டி கேட்ட ஊருக்குக் கொடி கொடுத்தார்கள். 74 நாள் நடந்த அந்தச் சண்டையில் அர்ஜென்டைனாவில் 649 பேரும், பிரிட்டிஷ் படையில் 255 பேரும் செத்தார்கள். தோல்வியோடு சர்வாதிகாரமும் சாய்ந்தது.

இனிதான் பாடம். 1983 அக்டோபரில் தேர்தல் நடந்து ஜனங்களின் ஆட்சி வந்தது. அந்த ஆட்சி சிலி விவகாரத்தை எடுத்து, 1984 நவம்பர் 25-ந் தேதி, "சமரசத்தை ஏற்றுக் கொள்ளலாமா?" என்று ஜனங்களையே கேட்டது. 100-க்கு 80 பேருக்கு மேல் "ஏற்றுக் கொள்ளலாம்" என்று ஓட்டுப் போட்டார்கள். சண்டை ஒழிந்தது. பாக்லாண்டுத் தீவுகள் தங்களுடையவை என்ற பாத்தியதையை அர்ஜென்டைனா இன்னும் விடவில்லை. ஆனால் அதற்காக அதன் பிறகு ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அதே மண், அதே மக்கள், அதே வழக்கு. மாறினது ஒன்றே ஒன்று. முன்பு ஜனங்களைக் கேட்கவில்லை, பின்பு கேட்டார்கள்.

இன்றைய நிலை

நிற்க, இன்று உலகம் போகிற போக்கைப் பார்ப்போம். ஸ்வீடன் தேசத்துக் கோதன்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த வி-டெம் என்னும் ஆராய்ச்சி நிலையம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையில், 2024-ம் வருஷக் கணக்குப்படி ஜனநாயக ஆட்சிகள் 88 என்றும், எதேச்சாதிகார ஆட்சிகள் 91 என்றும் சொல்லியிருக்கிறது. இருபது வருஷங்களுக்கு மேலாக இல்லாத நிலைமை இது. சீனாவில், ஒருவர் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்றிருந்த விதியை 2018 மார்ச்சு 11-ந் தேதி எடுத்தார்கள். ஆதரவு ஓட்டு 2,958. எதிர்ப்பு ஓட்டு 2. நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள நாட்டில் கருத்து வேற்றுமை உள்ளவர்கள் இரண்டே பேர் என்றால், அதை ஒற்றுமை என்று யாராவது சொல்ல முடியுமா?

ருஷ்யாவில் 2020-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, புடின் 2036 வரை பதவியில் இருக்க வழி செய்தார்கள். 2021 டிசம்பரில், ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் விவரங்களைச் சேகரித்து வந்த "மெமோரியல்" என்னும் சங்கத்தை உயர்ந்த கோர்ட்டே கலைத்தது. 2022 பிப்ரவரி 21-ந் தேதி புடின் தம் ஆலோசனைச் சபையைக் கூட்டி, அதை ஊரறிய டெலிவிஷனில் காட்டினார்கள். வெளிநாட்டு உளவு இலாகாத் தலைவர் எழுந்து பேசத் தடுமாறினார். "தெளிவாகப் பேசும்" என்று புடின் அதட்டினார். அவர் பயத்தில், அன்று பேச்சிலேயே இல்லாத விஷயத்துக்கும் சம்மதம் சொல்லிவிட்டார்! பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பையனும் இப்படி நடுங்க மாட்டான். மூன்றாம் நாள், 24-ந் தேதி, உக்ரேன் மீது படையெடுப்பு ஆரம்பமாயிற்று.

அதை யுத்தம் என்று சொல்லுவதே குற்றமாயிற்று. "விசேஷ ராணுவ நடவடிக்கை" என்றுதான் சொல்ல வேண்டுமாம். ராணுவத்தைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பினால் 15 வருஷம் வரை சிறை என்று மார்ச்சு 4-ந் தேதி சட்டம் வந்தது. எது பொய் என்று முடிவு செய்வது சர்க்கார். ஒன்றுமே எழுதாத வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக் கொண்டு நின்றவர்களையும் போலீசார் பிடித்துப் போனார்கள். எழுத்தைக் கண்டு பயந்தவர்கள் உண்டு. வெற்றுக் காகிதத்தைக் கண்டு பயந்த ஆட்சியை இப்பொழுதுதான் பார்க்கிறோம். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் பிப்ரவரி 25-ந் தேதி கண்டனத் தீர்மானம் வந்தபோது, 11 நாடுகள் ஆதரித்தன. ருஷ்யா தன் ஒரு ஓட்டால் அதைத் தடுத்துவிட்டது. அந்த மாதம் அந்தச் சபைக்குத் தலைமை வகித்ததும் ருஷ்யாவேதான். குற்றவாளியே பஞ்சாயத்துத் தலைவர்! பிறகு உலகத்தின் யோக்கியதையைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது?

முன்காலத்துச் சர்வாதிகாரிகளுக்கும் இக்காலத்தாருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. உலகத்தில் இன்று சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி ருஷ்யாவிடமும் அமெரிக்காவிடமும் இருக்கின்றன. ஹிட்லர் ஒரு நகரத்தை அழிக்க நூற்றுக்கணக்கான விமானங்களை அனுப்ப வேண்டியிருந்தது. இன்று ஒரு உத்தரவு போதும். அந்த உத்தரவைப் போடுகிறவருக்கு எதிரில் நின்று, "ஐயா, யோசித்துப் பாருங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறானா, அப்படிச் சொல்லுகிறவனுக்கு உயிர் மிஞ்சுமா என்பது இனி உலகத்து மக்கள் எல்லோருடைய கேள்வியுமாகும்.

இரண்டு ஆட்சேபணைகள்

"ஜனநாயக நாடுகள் மாத்திரம் யுத்தம் செய்யவில்லையா?" என்று கேட்கலாம். செய்திருக்கின்றன. அமெரிக்கா வியட்நாமில் செய்தது அக்கிரமம். 2003-ல் அமெரிக்காவும் இங்கிலாந்தும் இராக்கின் மீது படையெடுத்ததற்குச் சொன்ன பயங்கர ஆயுதக் காரணம் பொய்யாகப் போயிற்று. இதை நாம் மறைக்கவோ மெழுகவோ வரவில்லை. ஆனால் வியட்நாம் விஷயமாகச் சர்க்கார் சொன்ன பொய்களை, சர்க்காரின் ரகசியக் காகிதங்களைக் கொண்டே பத்திரிகைகள் 1971-ல் அம்பலப்படுத்தின. தடுக்கக் கூடாதென்று அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. இராக் யுத்தத்தை எதிர்த்து 2003 பிப்ரவரி 15-ந் தேதி லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானவர் நடந்தார்கள். இரவு வீட்டுக்குப் போய்த் தூங்கவும் தூங்கினார்கள். ஒரு மந்திரி பதவியைத் தூக்கி எறிந்தார். 2016-ல் விசாரணைக் கமிட்டி அந்நாட்டுப் பிரதம மந்திரியாக இருந்தவரின் தப்பிதங்களை எழுதி அச்சடித்தது. செத்தவர் பிழைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும், தப்பைத் தப்பென்று சொல்ல வழியுள்ள நாட்டுக்கும், சொன்னவனைத் தீர்த்துக்கட்டும் நாட்டுக்கும் வித்தியாசமில்லை என்பது, வைத்தியன் உள்ள ஊரிலும் ஆள் சாகிறதால் வைத்தியனே வேண்டாம் என்பது போலாகும்.

இரண்டாவது ஆட்சேபணை, டீக்கடை தோறும் கேட்பது. "கண்டிப்பான ஒரு ஆள் வந்தால்தான் நாடு உருப்படும், காரியம் சுருக்காக நடக்கும்" என்பது அது. ஸ்டாலினைவிடக் கண்டிப்பான ஆள் யார்? அவர் 1937, 38 வருஷங்களில் தம் சேனையின் தேர்ந்த தளபதிகளையே சந்தேகத்தின் பேரில் கொன்று தீர்த்தார். 1941-ல் ஹிட்லர் படையெடுக்கப் போகிறார் என்று சொந்த ஒற்றர்களே பல பக்கத்திலிருந்து எழுதினார்கள். அவர் நம்பவில்லை. அவர் நம்பாததை வற்புறுத்திச் சொல்ல மற்றவர்களுக்குத் தைரியமில்லை. ஜூன் 22-ந் தேதி படையெடுப்பு நடந்தது. சேனைகள் சேனைகளாக வளைத்துப் பிடிக்கப்பட்டன. அந்த யுத்தத்தில் சோவியத் நாடு இழந்த உயிர் சுமார் இரண்டே முக்கால் கோடி. கண்டிப்பான ஆளுக்கு முன் எவனும் உண்மை பேச மாட்டான். உண்மை காதில் விழாதவன் எவ்வளவு சுருக்காக நடந்தாலும் கிணற்றை நோக்கியே நடப்பான்.

நாம் செய்ய வேண்டியது

இந்தத் தீமையை ஒழிக்க நம்மிடம் படையுமில்லை, பணமுமில்லை என்று சோர்ந்து விடக் கூடாது. சர்வாதிகாரி ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. ஜனங்களின் பக்தியிலிருந்துதான் முளைக்கிறான். ஒரு மனிதனைத் தெய்வப் பிறவி என்றும், தப்பே செய்யாதவன் என்றும், அவன் இல்லாவிட்டால் தேசமே இல்லை என்றும் நினைக்கிற புத்தி எங்கே இருக்கிறதோ அங்கே அவனுக்கு விதை ஊன்றியாயிற்று. 1949 நவம்பர் 25-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, மதத்தில் பக்தி எப்படியிருந்தாலும், அரசியலில் பக்தி என்பது இழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்குமே வழி என்று எச்சரித்தார். இருபத்தாறு வருஷம் ஆவதற்குள், 1975 ஜூன் 25-ந் தேதி இரவு, நம் நாட்டிலும் நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளைத் தணிக்கைக்காரர் படித்த பிறகே நாம் படிக்க வேண்டியிருந்தது. 1977 மார்ச்சில் அந்த ஆட்சியை இறக்கியவர்கள் எழுத்தறியாத கிராமத்து ஓட்டர்களும்தான். இத்தாலியின் 1,200 பண்டிதர்களுக்கு இல்லாத துணிவு இந்த ஏழைகளுக்கு இருந்தது என்பதை நாம் பெருமையோடு சொல்லிக் கொள்ளலாம்.

ஆகவே தோழர்களே! எந்த நாட்டிலானாலும், எந்தக் கட்சியிலானாலும் இவற்றைக் கவனித்துப் பாருங்கள். தலைவரைக் குறை சொல்லுவது தேசத்துரோகம் என்கிறார்களா? பத்திரிகைக்காரனுக்கு வாய்ப்பூட்டுப் போடுகிறார்களா? கோர்ட்டுத் தீர்ப்பு மந்திரியின் முகத்தைப் பார்த்து வருகிறதா? தொழிற்சங்கத்தைக் கலைக்கிறார்களா? தோற்ற பிறகும் ஓட்டுக் கணக்கை ஒப்புக் கொள்ள மறுக்கிறார்களா? அடுத்த ஊர்க்காரனையோ, வேறு மதத்தானையோ, வேறு பாஷைக்காரனையோ காட்டி, "உன் கஷ்டத்துக்கெல்லாம் இவனே காரணம்" என்கிறார்களா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும், அது அவர்கள் வீட்டு விஷயம் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கூரையில் புகை தெரிகிறபோதே தண்ணீர்க் குடத்தைத் தூக்க வேண்டும். தூலம் சரிந்த பிறகு ஊரே கூடினாலும் பயனில்லை.

"நம்பு, கீழ்ப்படி, சண்டையிடு" என்று சுவரில் எழுதினவர்களின் ஆட்சி இருபத்தொரு வருஷத்தில் அழிந்தது. அழிவதற்குள் அந்த மூன்று வார்த்தைகள் எத்தனை தாய்மாரைப் பிள்ளையற்றவர்களாக்கின என்பதைச் சொல்லி முடியாது. அதற்கு மாற்றாக மூன்று வார்த்தைகள் நாம் சொல்லுகிறோம். யோசி, கேள், ஒப்பினால் மாத்திரம் செய். ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவோமானால், எந்தத் தலைவன் எவ்வளவு ஆர்ப்பாட்டமாக யுத்த முரசு கொட்டினாலும், அவன் பின்னால் நடக்க ஆள் இருக்காது. ஆளில்லாத யுத்தத்தை அவனே தன்னந்தனியாக நடத்திக் கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம்.